சந்தனம் பூசிய டிஸ்க்

1984 அக்டோபர், ஆயுத பூசைக்கு மறுநாள். ஈப்போ, மலேசியா.

திங்கட்கிழமை சிங்கப்பூரில் புது வேலையில் சேர வேண்டியவன் நான். இன்று சுங்கை சிப்புட் தோட்ட ஆபீசில் சம்பளக் கணக்கு ப்ரோகிராமை ஒப்படைத்துவிட்டுக் கிளம்புவதாக இருந்தேன். மெஷின் அதைத் திறக்கவே இல்லை. டிஸ்க்கை உருவினேன். மெஷின் படிக்கிற இடத்திலேயே சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன.

"என்னண்ணே இது?"

"நேத்து பூசை லா தம்பி. எல்லாச் சாமானுக்கும் வச்சோம்," என்றார் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கிராணி.

"இன்னொரு காப்பி கொடுத்தேனே?"

"அதுக்கும் வச்சேன். ஒண்ணுக்கு வச்சிட்டு இன்னொண்ண விடலாமா?"

வாய்க்கு வந்தபடி கத்தினேன். என்னிடம் வேறு காப்பி இல்லை. எல்லாவற்றையும் மறுபடி எழுத ஒரு வாரமாவது ஆகும். அதை முடிக்காமல் என்னைப் போகவிட மாட்டேன் என்று என் ஈப்போ முதலாளி போனில் சொல்லிவிட்டார். சிங்கப்பூர்க்காரன் எனக்காகக் காத்திருக்க மாட்டான்.

கிராணி பஸ் ஸ்டாண்டுவரை கூடவே வந்தார்.

"கோவிச்சுக்காத தம்பி. நீ போய்ட்டா அந்த மெஷின்கிட்ட நான் தனியா என்ன பண்ணுவேன்? நீ இங்கயே இருக்கணும்னு நேத்து வேண்டிக்கிட்டேன்."

அதற்குமேல் என்னால் திட்ட முடியவில்லை.

சிங்கப்பூருக்குக் கட்டிய பெட்டி கட்டிலடியில் இருக்கிறது. காலையில் அதைத் திறந்து ஒரு சட்டை எடுக்க வேண்டும், சுங்கை சிப்புட் பஸ்ஸுக்கு.