மூவருக்கு ஒரே அறை

ஜூன் 3
கதவு உள்ள அறை இந்த வீட்டில் ஒன்றுதான். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து அவர் தூங்க, பாப்பா தூங்க, நான் ஆபீஸ் வேலை பார்க்க எல்லாவற்றுக்கும் அதுவே. ஒருவர் இருந்தால் இன்னொருவருக்கு ஆகாது. இன்றும் பாப்பா தவழ்ந்து போய்க் கதவைத் தட்டினாள். அப்பா தூங்குறார்டி என்று இழுத்து வந்தேன். சமையலறைத் தரையில் லேப்டாப், மடியில் அவள்.

ஜூன் 5
ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு ஷிஃப்ட் அட்டவணை போட நான் எழுதும் ப்ரோகிராம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பதில் இல்லை. பிரசவ விடுப்பு முடிந்து எனக்குத் தந்த முதல் வேலை. மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால் வைத்துக்கொள்ள மாட்டார்கள். டீம் லீட் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "கொழந்த பொறந்தா பாதி மூளை அதுக்குப் போயிடும்பாங்க." நானும் சிரித்து வைத்தேன்.

ஜூன் 6
போனில் அம்மா: "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா." யாரோடு? அவரும் நானும் அனுசரித்தாயிற்று. பாப்பாவும் நானும்கூட. அப்புறமும் ஏன் ஒத்துவரவில்லை? எனக்குத்தான் துப்பில்லையோ.

ஜூன் 11
கண்டுபிடித்துவிட்டேன். டயாலிசிஸ் இயந்திரம் தெரிந்த நர்சுகள் மூன்று பேர். ஒரே ஷிஃப்டில் இருவர் வரக்கூடாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். நான் ஒரு மடச்சி — இவளும் அவளும் சேரக்கூடாது, அவளும் மற்றவளும் சேரக்கூடாது, மற்றவளும் இவளும் சேரக்கூடாது என்று இருவர் இருவராக எழுதியிருக்கிறேன். ஜோடியாகப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. ஆனால் மூவருக்குமே இரவு வேலை கிடையாது என்று வேறொரு விதி. மிச்சம் காலை, மாலை என்று இரண்டுதான்; ஆட்களோ மூவர். அது தெரியாமல் ப்ரோகிராம், பாவம், மற்ற எல்லாரையும் மாற்றி மாற்றி உட்காரவைத்துப் பார்த்திருக்கிறது. 'மூவரும் வெவ்வேறு' என்று ஒரே விதியாகக் கட்டிக் கொடுத்தேன். சட்டென்று சொல்லிவிட்டது: வழி இல்லை.

வழி இல்லை. அழுகை வந்தது — நிம்மதியில்.

ஜூன் 12
அவரிடம் சொன்னேன். "நீங்களும் நானும் பேசினோம். பாப்பாவையும் சேத்து வெச்சுப் பேசலியே. அந்த அறைக்குப் பகல்ல ரெண்டு வேளைதான், நாம மூணு பேரு. உங்க தப்பும் இல்ல, என் தப்பும் இல்ல." அவர் பாப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஜூன் 19
ஒரு நர்சை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். அட்டவணை நொடியில் வந்தது. வேலை நிலைத்தது.

அவரும் நல்ல மனதோடுதான் சொன்னார்: "கம்பெனியிலயே கட்டில் இருக்கு. அங்கயே தூங்கிட்டு, சாயங்காலம் வந்து பாத்துட்டுப் போறேன். நீ நிம்மதியா வேல பாரு."

ஜூன் 24
காலை முழுக்க அறை எனக்கு. கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். பாப்பா தவழ்ந்து வந்து தட்டினாள். உள்ளே அப்பா படுக்கும் இடத்தை எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி தட்டினாள்.

தட்டட்டும். இன்று இழுத்துப் போகவில்லை.