பச்சையாய்ப் போன கிணறு

நாரந்தனை,
24.02.2025

அன்பு மகள் வினோஜாவுக்கு அப்பா எழுதுவது. நாகபூசணி அம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அந்தக் குளிருக்குள் நீங்களும் சுகமாக இருக்க வேண்டுமென்று கும்பிடுகிறோம். நீ அனுப்பிய சாயப் பொடி என்னவாயிற்று என்று போனில் கேட்கும்போதெல்லாம் லைன் சரியில்லை என்றேன். லைன் சரியாகத்தான் இருந்தது. வாயால் சொல்ல ஏலாமல் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுக் கிறிஸ்தோப்பரின் பேத்திக்கு மூன்று மாதத்தில் நான்கு தரம் வயிற்றோட்டம் வந்தது உனக்குத் தெரியும், கடைசித் தரம் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் மறித்து வைத்திருந்தார்கள். அவர்களுடைய கிணற்றில் மலக்கிருமி என்று சுகாதாரப் பரிசோதகர் சொன்னார். ஊர்க்கூட்டத்தில் நான் எழும்பி, கிணற்றடியில் மீன் கழுவினால் வேறென்ன வரும் என்று கேட்டேன். கிறிஸ்தோப்பர் எழும்பிப் போனார். நீ அங்கே நூறு வருடப் பழைய மலக்குழாய்களுக்குள் கமெரா விட்டு வெடிப்புத் தேடுகிறவள், முதலில் எங்கட கக்கூஸ் குழியைப் பாருங்கோ அப்பா என்று, கசிவு போகுமிடத்தைக் காட்டும் சாயப் பொடியை அனுப்பினாய். எனக்குக் கோபம். எங்கள் குழியில் பிழையில்லை என்று காட்டுவதற்காகவே அந்தப் பொடியைக் கக்கூசுக்குள் கொட்டி ஆறு வாளி தண்ணீர் ஊற்றினேன். நான்காம் நாள் காலை கிறிஸ்தோப்பரின் மனைவி றோஸ் வேலிக்கு மேலால் கூப்பிட்டு, "அண்ணை, எங்கட கிணறு பச்சையாக் கிடக்கு, ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார். போய்ப் பார்த்தேன். நல்ல பச்சை.

திரும்பி வந்து தேத்தண்ணி குடித்தேன். அம்மாவிடம் சொன்னேன். "கூட்டத்தில எழும்பத் தெரிஞ்ச மனுசனுக்குப் பக்கத்து வீட்டுப் படலை தாண்டத் தெரியாதோ" என்று கேட்டுவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டா. சட்டையைப் போட்டுக்கொண்டு போய், அது எங்கள் கக்கூஸ் தண்ணீர் என்று சொன்னேன். கிறிஸ்தோப்பர் கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு, "அப்ப பிள்ளை குடிச்சது அதுதானே அண்ணை" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

கழிவு உறிஞ்சும் பவுசர் வண்டியால் எடுத்துப் பார்த்தால் குழியின் அடியில் கொங்கிறீட்டே இல்லை, வெறும் கல்லு வெடிப்பு. முப்பது வருடமாக நிரம்பாத குழி என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். இப்போது அதை மூடி, பரிசோதகர் சொன்ன அளவுப்படி வளவின் மற்றக் கரையில் அடியும் சுவரும் பூசிய தொட்டி கட்டியாயிற்று. அவர்கள் கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டோம், தண்ணீர் சரியென்று அறிக்கை வரும்வரை மேட்டுப்பக்கத்திலிருக்கும் எங்கள் கிணற்றிலிருந்து அவர்களுக்குக் குழாய் போகிறது. பிள்ளை மூன்று கிழமையாகச் சுகம். கிறிஸ்தோப்பர் என்னோடு அதிகம் கதைப்பதில்லை, அது நியாயம்.

நேற்றைய கூட்டத்தில் மீண்டும் எழும்பி, மீனில் பிழையில்லை, என் கக்கூசில்தான் பிழை என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை, எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள், அவரவர் வீட்டிலும் நிரம்பாத குழிதான். அப்போது கிறிஸ்தோப்பர் எழும்பி, "எங்கட குழியிலயும் அந்தப் பொடியைப் போட்டுப் பாப்பம் அண்ணை, எங்களுக்குக் கீழயும் ஒரு கிணறு கிடக்கு" என்றார். அதற்குப் பிறகு ஏழு பேர் பெயர் தந்தார்கள்.

பிள்ளைகளுக்குத் தொப்பி போடாமல் வெளியே விடாதே. அம்மன் உங்கள் எல்லோரையும் காப்பாற்றுவாள். எட்டு வீட்டுக்குப் போதுமான பொடி அனுப்பு, மறக்காதே.

இப்படிக்கு
உன் அப்பா
அரியநாயகம்