அத்தா பெயரில் கையெழுத்துப் போட்டவன்

அண்ணே,

வாய்தாவுக்கு எடுத்துப்போக வேண்டிய காகிதங்களை இன்று காலை அடுக்கிக்கொண்டிருந்தேன். பத்திர நகலில் அந்த ஆளின் போட்டோ முகத்துக்கு நேரே வந்துவிட்டது. நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி. கீழே நம்மைப் பெற்ற அத்தாவின் பெயர். பாவி, தாடியைக்கூட அத்தா மாதிரியே வைத்திருக்கிறான்.

அத்தா மௌத்தாகி அடக்கம் பண்ணிய மறு வருடமே வீட்டை நம் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். உனக்கு வந்ததே கோபம். "அத்தா பேர எடுத்துட்டா அவுகள வீட்ட விட்டு வெளிய அனுப்புன மாதிரி ஆயிரும். அவுக பேரு அங்கனயே இருக்கட்டும்" என்றாய். நானும் உன் பக்கம்தான் நின்றேன். மருமகன் பங்கு கேட்கிறார் என்று ஊர் பேசிவிடுமோ என்கிற பயம் எனக்கு. பத்து வருடம் வீட்டு வரி ரசீது அத்தா பெயரிலேயே வந்துகொண்டிருந்தது.

பிறகு ஒருநாள் சின்னமனூரிலிருந்து ஒருவர் அளவு டேப்போடு வந்தார். வீடு மாறி வந்துவிட்டார் என்று நினைத்து நீ உட்காரவைத்து டீ கொடுத்திருக்கிறாய். குடித்துவிட்டு அவர் கேட்டாராம்: "பெரியவரு போன மாசமே எனக்குக் கிரயம் எழுதிக் குடுத்துட்டாக. நீங்க எப்ப காலி பண்ணுவீக?"

"அவுக மௌத்தாகி பத்து வருசமாச்சு" என்று நீ சொன்னதும் அவர் முகம் வெளுத்துப்போனது. பாவம், அவரும் ஏமாந்தவர்தான். போட்டோவில் இருக்கிற அந்த ஆள்தான் அத்தாவாக நடித்து, மகன் சண்டைக்காரன், உள்ளே போக வேண்டாம் என்று சொல்லித் தெருமுனையிலிருந்தே வீட்டைக் காட்டியிருக்கிறான். நீயா அண்ணே சண்டைக்காரன்? மூலப்பத்திரம் உன் பீரோவில் பத்திரமாக இருந்தது. அவனோ அது தொலைந்துவிட்டதாகச் சொல்லிக் காரியத்தை முடித்துவிட்டான்.

நான் பெரியகுளத்திலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்தேன். அத்தாவின் இறப்புச் சான்றிதழைப் பத்திர ஆபீசில் காட்டினோம். அதிகாரி நிதானமாகப் படித்தார். "பதிஞ்சத ரத்து பண்ண எங்களுக்கு அதிகாரம் இல்லம்மா. கோர்ட்டுக்குத்தான் போகணும்" என்றார்.

படியிறங்கும்போது நீ சொன்னாய்: "பேர மாத்த விடாதவன் நாந்தான. அத்தாவ நானே வித்துட்டேன்."

உன் கையிலிருந்த சான்றிதழை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்று வருடம் கோர்ட்டுக்கு நடந்தாய். நெஞ்சுவலி என்று படுத்தவன் எழவில்லை. வழக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. யார் வந்து எப்போது வெளியே போகச் சொல்வார்களோ என்று மதினியும் பிள்ளைகளும் அந்த வீட்டில் பயந்து பயந்து இருக்கிறார்கள்.

நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை, வக்கீல் உன் இறப்புச் சான்றிதழ் கேட்டார். ஒன்று போதும் என்றார். நான் பத்து வாங்கினேன். பஞ்சாயத்து ஆபீஸ், கரண்ட் ஆபீஸ், ரேஷன் கடை என்று அலைந்து கொடுத்துவிட்டு வந்தேன். வாங்க மாட்டேன் என்ற இடத்தில்கூட மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். இனி எவனும் நீயாக வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. அதற்காக, நீ இல்லை என்று ஒவ்வொரு ஜன்னலிலும் நானே நின்று சொன்னேன், அண்ணே.