நான் சொல்லிக்கொடுக்க மறந்த கேள்வி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம், உனக்கும் மாப்பிள்ளைக்கும் அந்தக் குளிர் ஒத்துக்கொள்கிறதா என்று எழுது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் போன் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அவர் முன்னால் இதைச் சொல்ல முடியாது, சொன்னாலும் பாதியில் அழுது தொலைப்பேன்.

உயில் எழுத வக்கீல் பார்த்தாயா, பார்த்தாயா என்று வாராவாரம் குடைந்தாயே, பார்த்துவிட்டேன். பத்திர ஆபீஸ் எதிரில் பெரிய போர்டு மாட்டியிருக்கும் ஆளிடம்தான் முதலில் போனேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. பெரியவருக்கு மறதின்னா என்னம்மா, கையைப் பிடிச்சுக் கையெழுத்துப் போட வச்சிடலாம், யாரு வந்து கேக்கப்போறாங்க என்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது, அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அடுத்து ஒரு சின்னப்பெண், அவள் விவாகரத்து வழக்கு மட்டும்தான் எடுப்பாளாம். நாப்பத்திரண்டு வருஷம் தாக்குப்பிடிச்சாச்சு, இனிமே எனக்கெதுக்கும்மா அது என்றேன், அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு உயில் வேலையே செய்கிற ஒருவரின் விலாசம் எழுதித் தந்தாள். கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி, அந்த வக்கீலும் பெண்தான், என் வயதிருக்கும். நான் சொன்னது முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் தனியா பேசணும், நீங்க வெளியதான் இருக்கணும், அவர் தன் வாயால தெளிவா சொன்னாத்தான் எழுதுவேன் என்றார். அந்தக் கறார் எனக்குப் பிடித்துப்போயிற்று. இவர்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அவசரம் எதற்கென்று உனக்குத் தெரியும். வீடு அப்பா பேரில் மட்டும் இருக்கிறது, உயில் இல்லாவிட்டால் பங்கு போட்டாக வேண்டும், உன் அண்ணன் தன் பங்கை விற்றே தீருவான். போன மாதம் தரகரைக் கூட்டிக்கொண்டு வந்து என் சமையலறையை அளந்தான். சும்மா பாத்துட்டுப் போறாங்கம்மா என்கிறான். ஆனால் குற்றம் என் மேலும் இருக்கிறது. ரெண்டு வருஷம் முன்னால், தலை தெளிவாக இருந்தபோதே, வீட்டை உன் பேருக்கு எழுதி வச்சிடறேன் என்று அப்பாவாகத்தான் என்னிடம் ஆரம்பித்தார். வாயைக் கழுவுங்க, பேச வேற பேச்சே கிடைக்கலையா என்று அடக்கியவள் நான்தான். அன்றைக்குச் சும்மா இருந்திருக்கலாம்.

சரி, இனி நடந்ததைக் கேள். முப்பது வருஷம் ஊரார் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்த புத்தி எங்கே போகும், வக்கீல் என்னென்ன கேட்பார் என்று நானே யோசித்து மூன்று நாள் அப்பாவை உட்கார வைத்து மனப்பாடம் செய்ய வைத்தேன். வீட்டு நம்பர், வாங்கிய வருஷம், எத்தனை ரூம், பிள்ளைகள் எத்தனை பேர், இன்றைக்கு என்ன கிழமை. சமர்த்தாகச் சொன்னார், ஒரு தப்புக்கூட இல்லை. அன்றைக்குச் சட்டை பட்டனைத் தானே போட்டுக்கொண்டார். அந்தக் கட்டிடத்து லிஃப்டில் ஏறினதும் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, ரோலர் தேஞ்சிருக்கு, இந்த வாரமே மாத்தச் சொல்லுங்க என்று காவலாளியிடம் சொன்னார், லிஃப்ட் மெக்கானிக் வேலை இன்னும் கைக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

வெளியே பெஞ்சில் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வக்கீல் வந்து, கதவைச் சாத்திவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார். நம்பர், வருஷம், ரூம் எல்லாம் மடமடவென்று ஒப்பித்தாராம். வீடு யாருக்கு என்று கேட்டதற்கு, என் பொண்டாட்டிக்குத்தான், வேற யாருக்கு என்றாராம். மனைவி எங்கே என்று வக்கீல் கேட்டாராம். அவ அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா, வந்துடுவா. அப்போ வெளிய உக்காந்திருக்கிறது யாருங்க என்று கேட்டால், என்னைப் பாத்துக்கிற அம்மா, தங்கமான மனசு, அவங்களுக்கும் ஏதாவது செய்யணும், அதையும் சேர்த்து எழுதிக்குங்க என்றாராம். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதற்கு, இனிமேதாங்க, கல்யாணமாகி இப்பதானே ஒரு வருஷம் ஆகுது என்று வெட்கப்பட்டாராம்.

இதை உன்னிடம் மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன், மனது கேட்கவில்லை. எல்லாம் சொல்லிக்கொடுத்தேனடி, நான் யாரென்று மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் சில நாள் என்னை வாங்க போங்க என்றபோது கிண்டல் செய்கிறார் என்று நானும் சிரித்துத் தொலைத்திருக்கிறேன்.

வக்கீல் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் ஆசை தெளிவாத்தான் இருக்கும்மா, ஆனா இதை வச்சு நான் எழுதினா கோர்ட்டுல நிக்காது, என்னை மன்னிச்சிடுங்க என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், படி இறங்கும்போது அந்த முதல் வக்கீல் ஞாபகத்துக்கு வந்தார். ஆனால் யாரோ ஒரு பொம்பளை தன் கையை இழுத்துப்பிடித்து எழுதி வாங்குகிறாள் என்றுதானே அப்பாவுக்குப் படும், பயந்துபோவார். வீடு போனால் போகட்டும், அதை நான் செய்யமாட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பி, இவ்வளவு நேரம் என்கூடவே அலையுறீங்களே, உங்க வீட்டுக்காரர் தேடமாட்டாரா என்று கேட்டார். தேடிக்கிட்டுத்தாங்க இருக்கார் என்றேன். பாவம், சீக்கிரம் போங்க என்றார்.

அந்த வக்கீலையே எனக்கு அமர்த்திக்கொண்டேன். எனக்கு முதலில் ஏதாவது ஆகிவிட்டால் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு பத்திரம் எழுதுகிறார், அதில் ஒரு பேர் வேண்டும். உன் அண்ணன் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. உன் பேரைப் போடலாமா என்று மாப்பிள்ளையோடு கலந்து பேசி எழுது, முடியாது என்றாலும் வருத்தப்படமாட்டேன், உனக்கும் குடும்பம் இருக்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடு, இதைப் படித்துவிட்டு வேலைக்கு லீவு போட்டு அழுதுகொண்டு கிடக்காதே. ஒன்றே ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். எப்போது வந்தாலும் வாசலில் நின்றுகொண்டு, நான் யாருன்னு தெரியுதாப்பா என்று அவரிடம் கேட்டுவிடாதே. உன் பேரைச் சொல்லிக்கொண்டே உள்ளே வா.

இப்படிக்கு,
உன் அம்மா