ஜெபக்கனியின் கைப்பட்டை

நாள் 12, 07:00

இதைக் கண்டெடுப்பவர் வசதிக்காக முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. நான் யார், என்ன வேலை.
2. என் முறை: முதலில் மாத்திரைப் பழக்கம், பிறகுதான் வீட்டு அடி.
3. ஜெபக்கனி என்ற பெண்ணிடம் அது பலிக்கிறதா என்பது.

என் பெயர் வேதநாயகம். வயது எழுபத்தொன்று. மருந்தியல் படித்தவன். செவ்வாயைச் சுற்றும் தொடர்பு நிலையத்தில் தனியாக இருக்கிறேன். கீழே சுரங்கக் குடியிருப்பில் இருபது பெண்கள் மணிக்கட்டில் பட்டை அணிந்திருக்கிறார்கள். வியர்வையில் கலந்த தூக்க மாத்திரையின் அளவையும் நாடித்துடிப்பையும் அது அனுப்பும். தினமும் 18:00க்கு நான் கேள்வி அனுப்புவேன். குரலில் பதில் வரும். இருபது பேரும் கணவனிடம் அடி வாங்குபவர்கள். அதற்கு எனக்கு மருந்து தெரியாது. அதனால்தான் இந்த வரிசை.

நாள் 19, 18:20

ஜெபக்கனி. அளவு 40, நாடி 92. மாத்திரை மீது ஏக்கம் பத்துக்கு எத்தனை என்று கேட்டேன்.

"மேல உக்காந்துக்கிட்டு எனக்கு மார்க்கா போடுதிய? ஒம்போது. மாத்திர எங்க கெடைக்குன்னு கேக்க மாட்டியளா ஐயா? எங்க வீட்ல அவியதான் வாங்கியாந்து தாராவ. முழுங்கிட்டுக் கெடந்தா எதுத்துப் பேச மாட்டேம்லா."

கணவன் ரூபஸ், சுரங்கத்தில் துளையிடுபவன். படிவத்தில் இதற்குக் கட்டமில்லை. 'பிற' என்ற இடத்தில் எழுதிவைத்தேன்.

நாள் 31, 18:04

அளவு 6.

"பன்னெண்டு நாளா அவிய தாறத நாக்குக்கு அடியில வச்சுத் துப்பிட்டேன். தல தெளிவா இருக்கு. அதான் பயமா இருக்கு. கப்பல்ல எனக்கு ஒரு எடம் கேட்டு வையுங்க ஐயா. அவியளுக்குத் தெரிஞ்சா தொலஞ்சேன்."

பூமிக்குக் கப்பல் நாள் 48இல். அளவு பூஜ்யமான பிறகு விண்ணப்பம் அனுப்பலாம் என்று வைத்தேன். வரிசை அப்படித்தான். சரியா என்று இருமுறை யோசித்தேன். மாற்றவில்லை.

நாள் 38, 18:00

அளவு 0. நாடி 61. பதில் எழுத்தில்: "நலம். ஏக்கம் 0. நன்றி."

நல்ல முன்னேற்றம். விண்ணப்பம் அனுப்பினேன். அவளை வாரம் ஒருமுறை பார்த்துவந்த செவிலியர் பாக்கியத்தாயை வேறு பெண்ணிடம் மாற்றினேன்.

நாள் 44, 18:00

"நலம். ஏக்கம் 0. நன்றி." ஏழு நாளாக இதே பதில். சுரங்க வேலை நேரத்தில் நாடி 130 வரை ஏறுகிறது. உடற்பயிற்சி செய்கிறாள் போலும்.

நாள் 46, 15:10

பாக்கியத்தாய், தானாகவே போய்ப் பார்த்துவிட்டு:

"ஐயா, பட்ட ரூபஸ் கையில கெடக்கு. கேட்டா, 'அவளுக்கு அரிக்குன்னா, நான் போட்டுக்கிட்டேன்'னு சிரிக்கான். அவளக் காணல."

15:40

"வெளிக்கதவுப் பதிவப் பாத்துட்டேன். முப்பத்தேழாம் நாளு அவ பேர்ல தெறந்திருக்கு. வெளிய போனா போடுற அவ காத்து உட இங்கதான் தொங்குது. கேக்குதா ஐயா? ஒம்போது நாளாச்சு."

கேட்கிறது.

18:00

ரூபஸ் காவலில். பட்டை பாக்கியத்தாயின் மேசையில். கேள்விகளை அனுப்பினேன். பழக்கத்தில் இருபதும் போய்விட்டன.

இருபது பதில்கள் வந்தன. மேசையில் கிடக்கும் அவள் பட்டையிலிருந்தும்: "நலம். ஏக்கம் 0. நன்றி." தானாகப் போகும்படி அமைத்துவைத்திருக்கிறான்.

18:30

மாத்திரை தந்ததும் அடித்ததும் ஒரே கை. அதை நான் இரண்டாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன்.

நாள் 12இல் இரண்டாவதாக எழுதியது தவறு.