பொடியைத் திருப்பிக் கொடுத்தது பற்றி அக்காவுக்கு

என் பிரியமான பிலோமினா அக்கா,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கொட்டாஞ்சேனைக் கோவிலில் உங்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று மெர்சி நேற்றுச் சொன்னாள். பூசைக்கு முன்னால் உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் போல இருக்கிறது. ஃபாதரிடம் போய்ச் சொல்ல இது ஒரு சின்ன நாயின் கதைதான். ஆனாலும் அதை நினைத்தால் என்னால் என் மனைவி மெர்சியின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

பின்னேரங்களில் நீங்கள் மெர்சிக்கு ஃபோன் எடுப்பீர்களே, மீன் விலையில் தொடங்கி ஊர்ப் புதினமெல்லாம் பேசி முடிய விளக்கு வைக்கிற நேரமாகிவிடும். நீங்கள் போன பிறகு அந்த நேரத்தில் அவள் சும்மா ஃபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகள் இருவரும் கனடாவில். வீட்டில் நானும் அவளும் மட்டும். ஒருநாள் அவளே, ஒரு நாய் எடுப்போமா என்று கேட்டாள். அவள் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாமல் நானும் சரி என்றேன்.

களனிக்கு அப்பால் தெருநாய்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஓர் இடத்துக்குப் போனோம். மாலினி என்ற சிங்களப் பெண்மணி நடத்துகிறார். பெரிய நாய்களெல்லாம் கம்பியில் பாய்ந்து குரைத்தன. ஒரு குட்டி மண்ணிற நாய் மட்டும் சுவரைப் பார்த்தபடி கிடந்தது. கழுத்தில் கயிறு இறுகிய நிலையில் ரோட்டோரத்தில் கிடந்ததாம். சின்னது என்று சிங்களத்தில் 'பொடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். மெர்சி சேலையையும் பாராமல் நிலத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அது மெல்ல வந்து அவளுடைய செருப்பின் மேல் நாடியை வைத்துப் படுத்துக்கொண்டது. வரும் வழியெல்லாம் ஓட்டோவில் அவள் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. ஹெவ்லொக் டவுன் தாண்டும்போது நித்திரையாகிவிட்டது.

மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வெள்ளவத்தை வீடு கடலையும் ரயில் பாதையையும் பார்த்தபடி இருப்பது உங்களுக்குத் தெரியும். ரயில் சத்தம் கேட்டால் பொடி முகத்தை உயர்த்தி ஊளையிடும். ரயில் தெஹிவளைக்கே போய்ச் சேர்ந்திருக்கும், இது நிறுத்தாது. மெர்சிக்கு அது சிரிப்பு. நீங்கள் போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

அந்த மாதம் எங்கள் ஃப்ளெட்ஸ்காரரின் கூட்டத்தில், மூன்றாம் மாடியில் இருப்பது நாயா நரியா என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் காது சுட்டது. இத்தனை வருஷம் எல்லோரும் 'சேவியர் அங்கிள்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற இடம். அதன்பிறகு அவர்கள் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை.

மெர்சி கோவிலுக்குப் போயிருந்த ஒரு காலையில் பொடியை ஓட்டோவில் ஏற்றினேன். எங்கேயோ உலாத்தப் போகிறோம் என்று அது வாலை ஆட்டிக்கொண்டு ஏறியது, அக்கா. மனைவிக்கு மூச்சிழுப்பு, நாய் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார் என்று மாலினியிடம் பொய் சொன்னேன். அவர் என் கையைத் தொட்டு, அவருடைய சுகம்தான் முதலில் முக்கியம் என்றார். வீட்டுக்கு வந்து மெர்சியிடம் இன்னொரு பொய். பொடியின் பழைய சொந்தக்காரர் தேடி வந்ததால் கொடுக்க வேண்டியதாகிவிட்டது என்றேன். நீங்கள் இருந்திருந்தால் என் குரலிலேயே பிடித்திருப்பீர்கள். அவள் நம்பினாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, அதைத் தேடி வர ஆட்கள் இருந்தார்களே, நல்லதுதானே என்றாள். அன்று மாலை செபமாலையை அந்தக் குடும்பத்துக்காக ஒப்புக்கொடுத்தாள். நானும் பக்கத்தில் முழந்தாளில் நின்று பதில் சொன்னேன். எப்படி எனக்கு வாய் வந்தது?

அடுத்த கிழமை மாலினியிடமிருந்து ஃபோன் வந்தது. மெர்சிதான் எடுத்தாள். மூச்சிழுப்பு எப்படி இருக்கிறது என்று அவர் விசாரித்திருக்கிறார். மெர்சி திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு சிங்களத்தில், இப்போது சுகம், கேட்டதற்கு நன்றி என்று சொல்லி வைத்துவிட்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திரும்பப் போய் போஞ்சிக்காய் நறுக்கினாள். நான் குசினி வாசலில் நின்றேன்.

"அதைத் தேடி ஒருத்தரும் வரேல்ல, என்ன?" என்றாள்.

"இல்லை."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே அப்பா. நாளைக்கு என்னை அங்க கூட்டிக்கொண்டு போங்கோ."

அவ்வளவுதான் அவள் சொன்னது. நீங்கள் என்றால் என்னைக் கிழித்திருப்பீர்கள். பிறகு பிளேன்ரீ ஊற்றித் தந்திருப்பீர்கள். அது எனக்குப் பரவாயில்லை.

மறுநாள் மாலினியின் முன்னால் நின்று, நான் சொன்னது பொய் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். வேலைக்காரர்களும் நின்று கேட்டார்கள்.  மாலினி மெர்சியைப் பார்த்து, "இந்த முறை உங்களுக்குத்தான் தருகிறேன், இவருக்கு இல்லை" என்றார். பொடி மெர்சியிடம் ஓடி வந்தது. என்னைக் கண்டதும் போய்ச் சுவர் மூலையில் ஒடுங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு மெர்சி கேக் துண்டு எடுத்துக்கொண்டு, கூட்டத்தில் நாயா நரியா என்று கேட்ட அந்த மனிதரின் வீட்டுக்குப் போனாள். அவருடைய மனைவிக்கு ஆச்சரியம். "ரயில் வாற நேரம் கடல் பக்க ஜன்னலைப் பூட்டி வைக்கச் சொல்லித்தானே அன்டி, கூட்டத்தில எல்லாரும் கேட்டவை. நாயை யார் கொண்டுபோய் விடச் சொன்னது?" என்றாளாம். கூட்டத்தில் என் காதில் ஏறாமல் போனது அதுதான். ஒரு ஜன்னல் அக்கா. அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

இப்போது ஜன்னல் பூட்டியிருக்கிறது. பொடி மெர்சியின் காலடியில் கிடக்கிறது. கதவைப் பூட்ட நான் வீட்டுத் திறப்பைக் கையில் எடுத்தால் கட்டிலுக்கடியில் போய்விடும். மெர்சி பிள்ளைகளிடம்கூட இதைச் சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்குமோ என்னவோ.

தினமும் காலையில் நான்தான் பொடியைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன். முதலில் மெர்சியும் வந்தாள். இந்தக் கிழமைதான் என்னோடு தனியே வர உடன்பட்டிருக்கிறது. வழியில் ஓட்டோ ஒன்று நின்றால் போதும், நிலத்தோடு ஒட்டிப் படுத்துவிடும். இழுக்க மாட்டேன். நானும் பக்கத்தில் குந்தி இருப்பேன். போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

எத்தனை நாள் எடுத்தாலும், வெளியே கூட்டிப் போகிற ஒவ்வொரு முறையும் அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு வருவேன், அக்கா. இது உங்களுக்குத் தருகிற வாக்கு. கதவைத் திறந்ததும் அது என்னைத் திரும்பிப் பாராமல் மெர்சியிடம் ஓடுகிறது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்கிறேன்.

தலைகுனிந்தபடி,
உங்கள் தம்பி சேவியர்