சில்லிச் சட்டியைத் தொடாதே

குண்டூசி,

எழுந்ததும் பசிக்கும். மேசையில் இருக்கும் ராஜ்மா சில்லியைத் தொடாதே. வாசனை நன்றாகத்தான் வரும், ஏமாந்துவிடாதே.

உன் இதயத்துக்காகக் கறி போடாமல், ஊறவைத்த ராஜ்மாவை அப்படியே, இளஞ்சூட்டில் வேகும் ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டேன். உப்பு எவ்வளவு என்று கேட்க இப்போதுதான் பஸ் டிப்போ கேன்டீன்காரருக்குப் போன் செய்தேன். "முதல்ல அடுப்புல தளதளன்னு கொதிக்க வச்சியா? இல்லன்னா அந்த ராஜ்மா விஷம்யா" என்றார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். சட்டி சுடுகிறது, மூன்று மணிக்கு வந்து நானே கொட்டுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள்கூட ஆகவில்லை, நீ பாரம் தூக்காதே. ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடு.

நேற்று உன் தட்டிலிருந்த கறியைப் பிடுங்கி, "சாகணும்னா தின்னு" என்று கத்தினேன். பயத்தில் வந்த வார்த்தை அது.

உன் பஸ்காரன்

பி.கு. உன்னை எழுப்ப மனம் வரவில்லை. மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். எழுந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. ஓட்டிக்கொண்டிருப்பேன், எடுக்க மாட்டேன். மணி அடித்தால் போதும்.